மருத்துவரிடமும் சொல்லாதவை: குடல் அழற்சி நோய் குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் நாட்பட்ட குடல் அழற்சி நோய்களைப் பற்றி எழுதியிருந்தேன். பெருங்குடலின் உட்பரப்பைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், வாய் முதல் ஆசனவாய் வரை எந்த இடத்திலும் வந்து குடற்சுவரின் முழுத் தடிமனையும் பாதிக்கக்கூடிய க்ரோன்ஸ் நோய் ஆகிய இரண்டிலும் உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்குகிறது என்பதும், இவை ஆண்டுக்கணக்கில் அடங்கியும் கிளர்ந்தும் தொடர்பவை என்பதும் அக்கட்டுரையின் சாரம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் வந்திருக்கின்றன. முகம் தெரியாத எனக்கு எழுதியிருப்பதில் பாதியைக்கூட இவர்கள் தங்கள் மருத்துவரிடம் சொல்லவில்லை என்பது படிக்கும்போதே தெரிகிறது. அதனால்தான் விடைகளில் நான் ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதாகச் சிலருக்குத் தோன்றலாம்.

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, வயது 38. நான்கு ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கிறது. மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தம் போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே திடீரென்று முட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. ஓடிப்போனால் கொஞ்சம் சீதம் மட்டுமே போகிறது. ஒருநாள் வழியிலேயே புடவை நனைந்துவிட, தலைசுற்றல் என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து பள்ளி நாட்களில் காலை உணவும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறீர்கள் என்று மருத்துவர் கேட்பார். நான்கு முறை என்பேன். பரவாயில்லை என்று அனுப்பிவிடுவார். (வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: அம்மா, நான்கு முறை என்ற உங்கள் விடை உண்மைதான், ஆனால் அது உங்கள் நோயைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அவசரமாக வருகிறது, அடக்க முடியவில்லை, ஒருமுறை ஆடையிலேயே போய்விட்டது என்ற மூன்றையும் மருத்துவரிடம் இதே சொற்களில் சொல்லியிருந்தால், உங்கள் சிகிச்சையே மாறியிருக்கும்.

மலக்குடல் என்பது மலத்தைச் சிறிது நேரம் தேக்கி வைத்துக்கொள்வதற்காக விரிந்துகொடுக்கும் பகுதி. அங்கே அழற்சி இருந்தால் அது விறைத்துப்போய், விரிய மறுக்கிறது. துளி சீதமோ சிறிது வாயுவோ வந்து சேர்ந்தாலும், நிறைந்துவிட்டதாக மூளைக்குச் செய்தி போய்விடுகிறது. நீங்கள் ஓடிப்போயும் ஒன்றும் பெரிதாகப் போகாததற்குக் காரணம் இதுதான். இது உங்கள் மனப் பலவீனம் அன்று. மலக்குடலின் கடைசிச் சில அங்குலங்களில் புண் இன்னும் ஆறவில்லை என்பதற்கான அடையாளமாகவே இதைக் கருத வேண்டும். மலத்தில், குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனையும், தேவைப்பட்டால் குடலின் கீழ்ப்பகுதியை மட்டும் பார்க்கும் சிறிய உள்நோக்கியும் (எண்டோஸ்கோப்பி) இதை உறுதிசெய்யும்.

வாய்வழி மாத்திரையுடன் அதே மெசலமைன் மருந்தை ஆசனவாய் வழியாகச் செலுத்தும் சப்போசிட்டரியாகவோ எனிமாவாகவோ சேர்த்துக் கொடுக்கும்போது, மாத்திரை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் கூடுதல் என்பது நன்கு நிறுவப்பட்ட ஒன்று. ஆயினும் நம் ஊரில் எழுதிக் கொடுக்கவும் கூச்சம், வாங்கவும் கூச்சம், வைத்துக்கொள்ளவும் கூச்சம் என்பதால் இந்த மருந்து அலமாரியிலேயே கிடந்துவிடுகிறது. இரவு படுக்கப் போகும்போது, மலம் கழித்த பிறகு, இடப்பக்கம் சரிந்து படுத்து, மேல் காலை மடக்கிக்கொண்டு செலுத்திக்கொள்ள வேண்டும். முதல் சில நாட்கள் வெளியே வந்துவிடுவதுபோல் இருக்கும். புண் ஆற ஆற உள்ளேயே தங்கும். உங்களுக்கு இது பொருந்துமா என்று அடுத்த முறை நீங்களே கேளுங்கள்.

பட்டினி கிடப்பதை விட்டுவிடுங்கள். உணவு வயிற்றுக்குள் போனதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது எல்லோருக்கும் இயற்கை. காலை உணவுக்குப் பின் அந்த அசைவு மிகுதி. ஆகவே எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வகுப்பில் நிற்பதற்குப் பதிலாக, ஆறரைக்கே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அந்த அலையை வீட்டிலேயே முடித்துக்கொள்வது நல்லது. தண்ணீரை நிறுத்துவதால் மலப்போக்கு நிற்காது. சிறுநீரகக் கல்தான் வந்து சேரும்.

பள்ளியில் என்ன செய்வது? தலைமையாசிரியரிடம் ஒரே ஒரு பத்தியில் எழுதிக் கொடுங்கள்: "எனக்குப் பெருங்குடலில் நாட்பட்ட அழற்சி நோய் உள்ளது, இது பிறருக்குத் தொற்றாது, சில நேரங்களில் முன்னறிவிப்பின்றி உடனே கழிப்பறைக்குச் செல்ல நேரிடும்." மருத்துவச் சான்றை இணையுங்கள். அதற்கு மேல் எந்த விளக்கமும் வேண்டியதில்லை. முதல் பாடவேளையை மாற்றித் தரக் கேளுங்கள். பல பள்ளிகளில் ஆசிரியர் கழிப்பறைப் பூட்டின் சாவி அலுவலக அறை ஆணியில் தொங்கும்; எழுத்தரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மாற்றுச் சாவி ஒன்றை உங்கள் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள அனுமதி பெறுங்கள். அத்துடன் ஒரு பாவாடையும் உள்ளாடையும் உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கட்டும். பெரும்பாலும் அவற்றுக்குத் தேவை வராது. இருக்கின்றன என்பதே பாதிப் பதற்றத்தைக் குறைத்துவிடும்.

சட்டப் பாதுகாப்பு உண்டா என்றும் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பட்டியலிடப்பட்ட 21 வகைகளில் இந்நோய் இல்லை. அமெரிக்காவில் க்ரோன்ஸ் நோயுள்ள ஒரு சிறுமிக்குக் கடையொன்றில் கழிப்பறை மறுக்கப்பட்டதை அடுத்து, ஊழியர் கழிப்பறைகளை இத்தகைய நோயாளிகளுக்குச் சில நிபந்தனைகளுடன் திறந்துவிட வேண்டும் என்று இல்லினாய்ஸ் மாநிலம் 2005இல் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் இதைப் பற்றிக் குரல் எழுப்ப வேண்டிய நோயாளிகளே வெளியில் சொல்லத் தயங்குகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

கேள்வி: என் மகன் கோவையில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறான்; வயது 20. முதலில் குடல் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு க்ரோன்ஸ் நோய் என்றார்கள். இப்போது அசதயோப்ரின் சாப்பிடுகிறான். எடை 46 கிலோதான். பகலில் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று அறைத் தோழன் சொல்கிறான். பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது அவன் பைக்குள் பஞ்சும் காஸ் துணியும் மறைத்து வைத்திருந்ததைப் பார்த்தேன், கேட்டால் கத்துகிறான். படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கே அழைத்து வந்துவிடலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: முதலில் அந்தப் பஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். க்ரோன்ஸ் நோயில் ஆசனவாயைச் சுற்றிப் பௌத்திரம் (குடலின் உள்ளிருந்து தோலுக்குத் திறக்கும் புண்வழி) உண்டாகி, சீழும் நீரும் கசிவது உண்டு. உங்கள் மகன் பிட்டத்தின் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறானா, இரு சக்கர வாகனத்தில் ஏறத் தயங்குகிறானா என்று கவனியுங்கள். இருபது வயதுப் பையன் இதைத் தாயிடம் சொல்ல மாட்டான். ஆண் மருத்துவரிடமும் எளிதில் சொல்ல மாட்டான். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களில் "மூலம், பௌத்திரம்" என்று ஒட்டியிருக்கும் துண்டறிக்கைகளைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் அங்கே போய்விடும் ஆபத்துதான் அதிகம். க்ரோன்ஸ் நோயால் வரும் பௌத்திரத்தைச் சாதாரணப் பௌத்திரமாக நினைத்து அறுத்துவிட்டாலோ நூல் கட்டி அரித்துவிட்டாலோ, மலத்தை அடக்கும் தசையே பழுதாகிவிடக்கூடும். எம்ஆர்ஐ படம் எடுத்து, குடல் சிறப்பு மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டிய காரியம் இது. மருத்துவரைச் சந்திக்கும்போது நீங்கள் பத்து நிமிடம் வெளியே அமர்ந்துகொள்ளுங்கள். அவன் பேசுவான்.

காசநோய் மருந்து வீணாகிவிட்டதே என்று வருந்தியிருக்கிறீர்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வரும் காசநோயும் க்ரோன்ஸ் நோயும் உள்நோக்கியிலும் திசுப் பரிசோதனையிலும்கூட ஒன்றுபோலவே தோன்றுவது உண்டு; காசநோய் மிகுந்த நம் நாட்டில் இந்தக் குழப்பம் தேர்ந்த மருத்துவர்களுக்கும் நேர்கிறது. காசநோய் இருக்கும் ஒருவருக்கு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், அந்தப் பக்கமாகத் தவறுவது ஓரளவு நியாயமே. ஆனால் மருந்து தொடங்கிய இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி உள்நோக்கி வைத்துப் புண் ஆறியிருக்கிறதா என்று பார்த்திருந்தால், சில மாதங்கள் மிச்சமாகியிருக்கும். இனி எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசி மருந்துகளைப் பரிந்துரைத்தால், பழைய காசநோய்ச் சிகிச்சையின் சீட்டுகளை மறக்காமல் காட்டுங்கள்.

அசதயோப்ரினும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துதான். அதைச் சாப்பிடுபவர், அதிலும் தொடக்க மாதங்களில், ரத்த அணுக்களின் எண்ணிக்கையைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஆசிய மக்களிடம் பரவலாகக் காணப்படும் ஒரு மரபணு வேறுபாட்டால் சிலருக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, வெள்ளை அணுக்கள் சட்டென்று இறங்கிவிடும். காய்ச்சல் வந்தால் விடுதியில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிடாமல், அன்றே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

சாப்பிட்டால்தானே கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பது அவன் கணக்கு. காலை ஏழு மணிக்கு நாலு கழிப்பறைக்கு நாற்பது பேர் நிற்கும் விடுதியில் அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. அறையோடு கழிப்பறை உள்ள இடத்துக்கு மாற்றக் கோரி, மருத்துவச் சான்றுடன் விடுதிக் காப்பாளரைப் பாருங்கள். வாடகை கூடினாலும் அதற்குச் செலவழிப்பது தகும். எடையை ஏற்றுவதற்கான திரவ உணவுகளைப் பற்றி மருத்துவரையும் உணவியல் நிபுணரையும் கேளுங்கள். அவன் புகைபிடிப்பவனாக இருந்தால், இந்நோயை அதைவிட மோசமாக்கும் பழக்கம் வேறில்லை என்பதை அவனுக்குத் தெரிவிக்க வேண்டும்.

படிப்பை நிறுத்தாதீர்கள். ஜப்பானின் பிரதமராக இருந்த ஷின்சோ அபே பதின்பருவத்திலேயே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்தவர். 2007இல் பதவியை விட்டு விலகியதற்கும் அதுவே காரணமாயிற்று; பின்னர் புதிய மருந்து பலன் தந்ததால் 2012இல் திரும்பவும் பிரதமராகி, அந்நாட்டில் மிக நீண்ட காலம் அப்பதவியில் இருந்தவர் என்ற நிலையையும் எட்டினார். நோய் மீண்டும் கிளர்ந்தபோது, 2020 ஆகஸ்ட்டில் செய்தியாளர்களைக் கூட்டி, நோயின் பெயரைச் சொல்லியே விலகினார். ஒரு நாட்டின் பிரதமர் பொதுவில் சொல்லக் கூசாத நோய் இது என்று உங்கள் மகனிடம் சொல்லிப் பாருங்கள். தினமும் தொலைபேசியில் "என்ன சாப்பிட்டாய், எத்தனை முறை போனாய்" என்று கேட்பதை மட்டும் வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு இந்த நோய். கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார், வயிற்றுப்போக்கும் இல்லை. ஆனால் மதியம் ஆனால் படுத்துவிடுகிறாள், மூட்டுவலி என்கிறாள். என் அம்மா இதைச் சோம்பேறித்தனம் என்கிறார். எனக்கும் அவ்வப்போது அப்படித்தான் தோன்றுகிறது. (வாசகர், ஈரோடு)

பதில்: வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. குடலில் அழற்சி அடங்கிய பிறகும் களைப்பு தொடர்வது இந்நோயில் மிகச் சாதாரணம். தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு அது. அதற்குக் காரணம் சொல்ல முடியாத நேரமும் உண்டு; ஆனால் அப்படி முடிவுகட்டுவதற்கு முன்பு தேட வேண்டியவை சில இருக்கின்றன. ரத்தம் கசிந்து கசிந்து இரும்புச்சத்து வற்றியிருக்கலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: அழற்சி இருக்கும்போது, இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு செயற்கையாக உயர்ந்து காணப்படும் என்பதால், அறிக்கையில் அது இயல்பாக இருப்பதை வைத்து இரும்புச்சத்துக் குறைவில்லை என்று சொல்லிவிட முடியாது. க்ரோன்ஸ் நோய் சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பாதித்திருந்தாலோ, அந்தப் பகுதியை வெட்டி எடுத்திருந்தாலோ பி12 உறிஞ்சப்படாமல் போகும். வைட்டமின் டி, தைராய்டு, இரவில் எழுந்து போவதால் கெடும் தூக்கம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இரவில் எழுகிறாளா என்று உங்கள் மனைவியை நீங்கள் கேட்டதுண்டா? தூக்கத்திலிருந்து எழுப்பும் மலப்போக்கு, நோய் முழுமையாக அடங்கவில்லை என்பதைக் காட்டும்.

மூட்டுவலியும் இந்நோயின் ஒரு முகம். கண் சிவத்தல், கால்களில் வலியுள்ள சிவந்த முடிச்சுகள், வாய்ப்புண் ஆகியவையும் அப்படியே. அதற்காக மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவை அடங்கிய குடலைக் கிளறிவிடக்கூடியவை.

உங்கள் அம்மாவுக்கு நான் எழுதுவதைவிட நீங்கள் படித்துக் காட்டுவது நல்லது. அதற்கு முன், மதியத்துக்கு மேல் உள்ள வீட்டு வேலையில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொண்டால், சொல்லவேண்டிய தேவையே குறைந்துவிடும்.

கேள்வி: ஐயா, ரத்தம் போனதை மூலச்சூடு என்று நினைத்துக் கருணைக்கிழங்கு லேகியமும் துத்திக்கீரையும் இரண்டு வருடம் சாப்பிட்டேன். பிறகுதான் கொலைட்டிஸ் என்று தெரிந்தது. இப்போது ரத்தம் நின்று ஓராண்டாகிறது. மாத்திரையை நிறுத்தலாமா? எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம்? (மளிகைக் கடைக்காரர், 52, மதுரை)

பதில்: நிறுத்த வேண்டாம். ரத்தம் நின்றது மாத்திரையால். மாத்திரை நின்றால் அது திரும்பி வருவதற்கே வாய்ப்பு அதிகம். நோய் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆனபின் பெருங்குடல் புற்றுநோய்க்கான கண்காணிப்பு உள்நோக்கிப் பரிசோதனை தேவைப்படும் என்பதால், லேகியம் சாப்பிட்ட அந்த இரண்டு ஆண்டுகளையும் கணக்கில் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம் கண்டவுடன் மூலம் என்று தாமே முடிவுசெய்துகொள்வது நம் ஊர்ப் பழக்கம். ரத்தத்தோடு சீதமும் சேர்ந்து போனாலோ, எடை குறைந்தாலோ அது மூலமாக இருக்காது என்று சந்தேகிக்க வேண்டும்.

உணவைப் பற்றி நீண்ட பட்டியலை எதிர்பார்த்திருப்பீர்கள். எல்லோருக்கும் பொருந்தும் பட்டியல் கிடையாது. நோய் கிளர்ந்திருக்கும் நாட்களில் குழைந்த சாதம், இட்லி, தோல் நீக்கி மசித்த காய் போன்ற நார் குறைந்த உணவு சுகம் தரும். அடங்கிய பிறகு வழக்கமான வீட்டு உணவுக்குத் திரும்பிவிட வேண்டும். பலர் பயத்தினால் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய், கடைசியில் தயிர்ச்சாதத்தில் வந்து நின்று, சத்துக்குறைவோடு மருத்துவமனைக்கு வருகிறார்கள். குடல் சுருங்கியிருக்கும் க்ரோன்ஸ் நோயாளிகள் மட்டும் வாழைத்தண்டு, முருங்கைச் சக்கை, கீரைத்தண்டு போன்ற நார் மிகுந்தவற்றை விலக்க வேண்டும், அவை அடைத்துக்கொள்ளும்.

ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்துடன் போய், கூடவே காய்ச்சலோ நாடித்துடிப்பு 90க்கு மேலோ இருந்தால், அது வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலை அன்று. ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1955இல் வகுத்த இந்த அளவுகோலை இன்றும் உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். அன்றே மருத்துவமனையில் சேர்ந்துவிட வேண்டும்; போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

கேள்வி: எனக்கு 27 வயது. வரன் பார்க்கிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் வீங்கியிருக்கிறது. பெண் பார்க்க வருவதற்குள் முகம் வற்ற வேண்டும் என்று மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார் அம்மா. நோயைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொல்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை பெற முடியுமா? குழந்தைக்கும் இந்த நோய் வருமா? (வாசகி, சென்னை)

பதில்: ஸ்டீராய்டை ஒருபோதும் திடீரென்று நிறுத்தாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும் காலத்தில் உடல் தானாகச் சுரக்க வேண்டியதைக் குறைத்துக்கொள்கிறது. சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கமும் அதற்கு மேலும் நேரலாம். மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைத்தால் முகமும் தானாக வற்றிவிடும். பெண் பார்க்கும் நாளைத் தள்ளிப்போடுவது இதைவிட எளிது.

மறைப்பதைப் பற்றி: உங்கள் அம்மாவின் அச்சம் எனக்குப் புரிகிறது, வயிற்று நோய்க்காரி என்று ஒரு பெயர் விழுந்துவிட்டால் உறவுக்காரர் வட்டம் முழுவதும் பரவும் என்று அவர் அஞ்சுகிறார். ஆனால் தினமும் மாத்திரை, சில நாட்களில் மணிக்கணக்கில் கழிப்பறை, அவ்வப்போது பரிசோதனை என்றிருப்பதை ஒரே வீட்டுக்குள் எத்தனை மாதம் மறைப்பீர்கள்? மறைப்பதற்காக மாத்திரையைத் தவறவிட்டு, திருமணமான சில மாதங்களிலேயே நோய் முற்றி வரும் புதுப்பெண்களை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். என் கருத்து இதுதான்: பார்க்க வரும் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை, பேச்சு கூடிவரும்போது, நிச்சயதார்த்தத்துக்கு முன், மாப்பிள்ளையிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். தரகர் வழியாகவோ பெரியவர்கள் வழியாகவோ போனால், நோய் ஒன்று நான்காகிவிடும். அவருக்குச் சந்தேகம் இருந்தால் உங்கள் மருத்துவரைச் சந்திக்க அழைத்துச் செல்லுங்கள். அதன் பிறகு விலகிப் போகிறவர் போகட்டும்.

குழந்தை பெற முடியும். கருத்தரிப்பதற்கு முன் சில மாதங்களாவது நோய் அடங்கியிருக்க வேண்டும் என்பதே முக்கியமான நிபந்தனை. கிளர்ந்த நிலையில் கருத்தரித்தால் குறைப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து எல்லா மருந்தையும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மெசலமைன், அசதயோப்ரின் போன்றவற்றைப் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். மெத்தோட்ரெக்சேட் கருவுக்குக் கேடு என்பதால், முன்கூட்டியே திட்டமிட்டு நிறுத்தியாக வேண்டும். கர்ப்ப காலத்தில் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசி எடுத்துக்கொள்ள நேர்ந்தால், அதைக் குழந்தை மருத்துவரிடம் பிரசவத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள். பிறந்தவுடன் போடும் பிசிஜி போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை அந்தக் குழந்தைக்குத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். பிரசவ அறையின் அவசரத்தில் இது தவறிவிடக்கூடும். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான். ஆயினும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை.

கேள்வி: இந்த நோய் உள்ளவர் பயன்படுத்திய தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: வேண்டாம். தொற்றாது.

கேள்வி: நான் மருந்து விற்பனைப் பிரதிநிதி. வாரத்தில் நான்கு நாள் பேருந்துப் பயணம். க்ரோன்ஸ் நோய் வந்த பிறகு பேருந்தில் ஏறும்போதே வயிறு கலக்குகிறது. வேலையை விட்டுவிடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: வேலையை விடுவதற்கு முன் பயணத்தை மாற்றிப் பாருங்கள். ரயில் செல்லும் ஊர்களுக்கு ரயிலிலேயே போங்கள். நேரம் கூடினாலும் பெட்டியில் கழிப்பறை இருக்கிறது. சென்னைக்குப் போனால், புறநகர் மின்சார ரயிலில் அந்த வசதி கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்; மெட்ரோ நிலையங்களில் உண்டு. பேருந்தில்தான் போக வேண்டும் என்றால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே வண்டியில் உட்காராதபடி பாதையைப் பிரித்துக்கொண்டு, ஓட்டுநருக்கு அருகில் அமருங்கள். ஏறும்போதே நடத்துநரிடம் குடல் நோய் என்று தாழ்ந்த குரலில் சொல்லி வைத்துவிட்டால், பெட்ரோல் பங்க் அருகில் நிறுத்தச் சொல்லும்போது வாதம் இருக்காது.

பேருந்தில் ஏறும்போதே கலக்குவதில் பாதி நோய், பாதி அச்சம். எது எவ்வளவு என்பதைக் கால்ப்ரொடெக்டின் அளவு காட்டிக்கொடுக்கும். அது உயர்ந்திருந்தால் உங்கள் மருந்து போதவில்லை. அப்போது வேலையை மாற்றுவதால் பயனில்லை, மருந்தைத்தான் மாற்ற வேண்டும். இயல்பாக இருந்தால் பயணத்துக்கு முன், போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குடல் சுருக்கம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. மாத்திரைகளையும், மாற்று உடையையும், மருத்துவச் சீட்டின் நகலையும் வண்டியின் டிக்கியில் போடும் பெட்டியில் வைக்காமல், மடியில் வைத்திருக்கும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.